பொன்மலை வீட்டின் கைவேலைகள்

திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் 1960-களின் பிற்பாதி முதல் 1990-களின் தொடக்கம் வரை வாழ்ந்த ஒரு தம்பதியின் வீட்டில், கடையில் வாங்கிய சாமான்களைவிடக் கையால் செய்தவையே அதிகம். கணவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மனைவி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, திருமணத்துக்குப் பின் வீட்டைக் கவனித்துக்கொண்டவர். வயர் கூடை, பூத்தையல், காகிதக் கூழ்ப் பாத்திரம், கோலம் ஆகியவை மனைவியின் கைவேலைகள். மரவேலை, வானொலி, தபால்தலை ஆகியவை கணவருடையவை. நவராத்திரிக் கொலு இருவருக்கும் பொது. எதையும் அவர்கள் வகுப்புக்குப் போய்க் கற்கவில்லை. பக்கத்து வீடுகளில் பார்த்ததும், வாரப் பத்திரிகைகளில் வெட்டி வைத்ததும், செய்து கெடுத்து மறுபடி செய்ததும்தான் அவர்கள் படித்த பாடம்.

பொன்மலைப் பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதைத் திருச்சிக்கு மாற்றியது. 1928-ல் பொன்மலைப் பணிமனை இயங்கத் தொடங்கியது. பணிமனையோடு சேர்ந்தே குடியிருப்பும் எழுந்தது. நேரான தெருக்கள், இருபுறமும் மரங்கள், வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். அங்கே பணிமனைச் சங்குதான் கடிகாரம். காலைச் சங்குக்கு முன் உலை கொதித்தாக வேண்டும். டிபன் கேரியர் கட்டியாக வேண்டும். மாலைச் சங்கு ஊதினால் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏற வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பின் வரும் நேரத்துக்கு மட்டும் சங்கு இல்லை. கைவேலைகள் அந்த நேரத்தில்தான் நடந்தன. முன்தாழ்வாரத்தில் ஒரு குண்டு பல்பு. அதன் அடியில் ஒரு பக்கம் மனைவியின் வயர் கட்டுகள், மறு பக்கம் கணவரின் மரக்கட்டைகள், நடுவில் ஸ்டூல் மேல் வானொலிப் பெட்டி.

பகல் முழுக்க உழைத்த இருவருக்கும் இரவில் இன்னொரு வேலை எப்படி ஓய்வாயிற்று என்பதற்கு, அந்தப் பகல் வேலைகளின் தன்மையே விடை. பணிமனையில் கணவர் அரம் போட்டுப் பொருத்திய பாகம் எஞ்சினோடு போய்விடும். அது எந்த ஊர்த் தண்டவாளத்தில் ஓடுகிறது என்று பிறகு தெரியாது. வீட்டில் மனைவி செய்தது அன்றன்றைக்கே அழியும். சமைத்தது சாப்பாட்டோடு தீரும், துவைத்தது மறுநாளே அழுக்காகும், வாசல் கோலம் பத்து மணிக்குள் கால்பட்டுக் கலையும். இரவில் எடுத்த வேலையோ நின்றது. பின்னிய கூடை வருடக்கணக்கில் ஆணியில் தொங்கியது. செதுக்கிய எஞ்சின் அலமாரியில் இருந்தது. செய்தவர் கண்முன்னே பொருள் நிலைத்திருந்ததும், அதை எப்போது முடிப்பாய் என்று கேட்க ஆளில்லாததும் சேர்ந்துதான் அந்த உழைப்பை ஓய்வாக்கின.

மனைவியின் கைவேலைகளில் முதலிடம் வயர் கூடைக்கு. பிளாஸ்டிக் வயர் கட்டுகளாக விற்கும். பெரிய கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு நிறம் வாங்கி வருவார். கட்டைப் பிரித்ததும் வயர் சுருண்டுகொள்ளும். சற்று நேரம் வெயிலில் போட்டால் இளகிக் கைக்கு வசப்படும். பிறகு முழக்கணக்கில் அளந்து வெட்ட வேண்டும். வெட்டிய வயர்கள் கூடையின் அடிக்கும் உயரத்துக்கும். வெட்டாமல் நீளமாக விட்ட வயர், சுவரைச் சுற்றிச் சுற்றிப் போவதற்கு. இதற்கு ஓட்டு வயர் என்று பெயர். சாதாக் கூடைக்கு முடிச்சு ஒன்றேதான். ஒரு வயரை மடித்து வளையமாக்கி, குறுக்கே வரும் வயரை அதன்மேல் வளைத்து, நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு நான்கு பக்கமும் இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும். நான்கு முனைகள் நான்கு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முனையிலிருந்தும் அடுத்த முடிச்சு தொடங்கும்.

அடி போடுவதில்தான் கூடையின் தலையெழுத்து இருக்கிறது. முடிச்சுகளை ஒற்றைப்படையில் வைத்தால் நடு முடிச்சு ஒன்று கிடைக்கும். அங்கிருந்து இருபுறமும் வயர் நீளம் சமமா என்று பார்க்கலாம். அடி முடிந்ததும் ஓட்டு வயரைக் கொடுத்துச் சுவர் எழுப்ப வேண்டும். இழுப்பு எல்லா முடிச்சுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு வரிசை இறுகி மறு வரிசை தளர்ந்தால் கூடை ஒரு பக்கம் கோணி, தரையில் வைத்தால் ஆடும். இழுத்து இழுத்து மனைவியின் வலது ஆட்காட்டி விரலில் காய்ப்பு விழுந்திருந்தது. புது வயர் என்றால் அங்கே ஒரு துணிச் சுற்று போட்டுக்கொள்வார். வாய் வரை வந்ததும் மீந்த நுனிகளை உள்பக்க முடிச்சுகளுக்குள் சொருகி, ஒட்ட வெட்டிவிடுவார். கடைசி வேலை கைப்பிடி. உள்ளே தடித்த குழாய் ஒன்றை வைத்து அதன்மேல் வயரைப் பின்ன வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் சந்தையிலிருந்து வரும் வழியில் தேங்காயும் கத்தரிக்காயும் தெருவில் உருளும். ஆகையால் கைப்பிடி போடும் இரவில் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு வருவதில்லை.

சாதாக் கூடை கைவந்த பிறகு மற்ற வகைகள். முடிச்சுகள் உருண்டு புடைத்து நிற்பது நெல்லிக்காய்க் கூடை. வயர்கள் கண் வடிவில் கூடி வருவது சிவன் கண் கூடை. பொன்மலைச் சந்தைக்கு ஒரு பெரிய கூடை, கோவிலுக்கு மூடி வைத்த சிறு கூடை, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு ஒவ்வொன்று என்று வீட்டில் பல அளவுகள் இருந்தன. பிரம்பு பிய்ந்த இரும்பு நாற்காலி ஒன்றுக்கு மனைவி வயரால் இருக்கை பின்னினார். துருவேறிய சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தது கணவர். குடும்பத்தில் பெரியவர் யார் வந்தாலும் அந்த நாற்காலிதான் போடப்பட்டது.

பூத்தையல் மழைக்கால வேலை. தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் வயரை எடுத்து வைத்துவிட்டு, மனைவி மர வளையத்தில் துணியைப் பூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். கார்பன் தாள் வைத்துப் பூக்கொடியைப் படியெடுத்து, காம்புக்குக் காம்புத் தையல், இலைக்குச் சங்கிலித் தையல், மொட்டுக்குப் பிரெஞ்சு முடிச்சு என்று போடுவார். அக்காலத் தலையணை உறைகளின் வழக்கப்படி ஒன்றில் ‘குட் நைட்’, மற்றொன்றில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. கிழிந்த சேலைகள் பட்டை பட்டையாகக் கிழிக்கப்பட்டு, சடையாகப் பின்னப்பட்டு, வட்டமாகச் சுற்றித் தைக்கப்பட்டுக் கால்மிதிகளாயின.

கோலத்தில் இருவரின் ஆர்வமும் கூடியது. மனைவிக்குப் பழைய கணக்கு நோட்டு ஒன்று கோல நோட்டாக இருந்தது. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்ற இரண்டு வகையிலும் கோலங்கள் அதில் பென்சிலால் போடப்பட்டிருந்தன. நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேர்க் கீழே புள்ளி வரும். வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறையும். ஏழில் தொடங்கி ஒன்றில் முடித்தால் மொத்தம் 25 புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும்; வரிசைக்கு ஒன்றாகக் குறையும். ஏழில் தொடங்கி நாலில் நிறுத்தினால் 37. பணிமனையில் வரைபடம் பார்த்துப் பழகிய கணவருக்கு இந்தக் கணக்கில் ருசி ஏற்பட்டது. சிக்குக் கோலத்தில் கோடு எங்கே தொடங்கினாலும் புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். சிலவற்றை ஒரே கோட்டில் முடிக்கலாம். சிலவற்றுக்கு இரண்டு, மூன்று கோடு வேண்டும். எது எப்படி என்று இரவில் இருவரும் விரலால் தடம் பிடித்துப் பார்ப்பார்கள். “ஏங்க, ஒரு புள்ளி இடிக்குது, எண்ணிப் பாருங்க” என்பது அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட வாசகம்.

கோலத்தின் கணக்கைக் கணிதமும் அப்போது கவனித்துக்கொண்டிருந்தது. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை விதிகளால் பிறக்கும் வடிவங்களாகக் கொண்டு கணினி அறிவியல் வழியில் ஆராய்ந்து, 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலம் பெரிய கோலமாக வளர்வதை அவர்கள் காட்டினர். பொன்மலைத் தாழ்வாரத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை. ஐந்து புள்ளிக் கோலம் தெரிந்தால் ஒன்பது புள்ளிக்கும் நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை மட்டும் மனைவி கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

காகிதக் கூழ் கோடைக்கால வேலை. திருச்சி வெயில் அதற்கென்றே அடிப்பதாகத் தோன்றும். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட வேண்டும். தண்ணீரை வடித்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டும். வெந்தயத்தின் கொழகொழப்பு பசையாகும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது. அரைத்த விழுதை, கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் மேல் ஈரத் துணி விரித்து, ஒரே கனத்தில் அப்ப வேண்டும். கனம் மாறினால் காயும்போது விரிசல் விடும். மேல்பக்கம் காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து கழற்றி, துணியை உரித்து, உள்பக்கத்தையும் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த தட்டைச் சுண்டினால் ஓசை வரும். ஈரம் இருந்தால் சத்தமே வராது.

இந்தத் தட்டுகளில் உளுந்தும் துவரையும் கொட்டி வைத்தார்கள், பூ வைத்தார்கள், அப்பளம் அடுக்கினார்கள். ஈரம் படும் எதற்கும் ஆகாது. ஓட்டை விழுந்த மூங்கில் முறத்துக்கு அதே கூழை இருபுறமும் பூசி, கந்தல் முறத்தைப் பல வருடம் ஓட்டுவது காவிரிக்கரை ஊர்களில் பாட்டிமார் கண்ட வழி. மனைவி அதைத் தம் தாயாரிடம் பார்த்துக் கற்றார். முறத்திலிருந்து தட்டு, தட்டிலிருந்து பொம்மை என்று அவர் கை நீண்டது.

கணவரின் மரவேலைக்கு மூலப்பொருள் பெட்டி மரம். சாமான் வந்த பெட்டிகளைச் சந்தையில் பலகையாகப் பிரித்து விற்பார்கள். ஆணி பிடுங்கி, இழைப்புளி போட்டால் உள்ளே நல்ல மரம் இருக்கும். கருவிகள் அதிகம் இல்லை. ஒரு வாள், இரண்டு உளி, ஓர் இழைப்புளி, தேய்ந்த அரங்கள். பணிமனையில் இரும்பை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துப் பொருத்துபவர், வீட்டில் மரத்தோடு வேறு விதமாக நடந்துகொண்டார். இரும்புக்கு நார் கிடையாது. எந்தப் பக்கம் அரம் போட்டாலும் தேயும். மரத்தில் நார் ஓடும் போக்கை எதிர்த்து இழைத்தால் சிலாம்பு எழும்பும். முதலில் மணைப்பலகை, முக்காலி, சுவரில் அடிக்கும் சாமி மாடம் என்று செய்தார். பிறகு கை எஞ்சினுக்குப் போயிற்று.

அவர் செதுக்கியது நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையான பாதை 1899-லும், உதகமண்டலம் வரையான பாதை 1908-லும் திறக்கப்பட்டன. அந்தப் பாதையின் கடுமையான ஏற்றத்தில் 12.5 அடி போவதற்குள் ஓரடி உயர வேண்டும். வெறும் சக்கரம் அதில் வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது. இந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பெரிய பழுதுபார்ப்புக்கு அவை மலையிறங்கிப் பொன்மலைக்குத்தான் வந்தன. கணவர் அவற்றைக் கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்; சில பாகங்களைத் தாமே பொருத்தியுமிருக்கிறார்.

மர எஞ்சினுக்குக் கொதிகலன் உருளையைக் கடைசல் பிடிக்க வழியில்லாமல், சதுரக் கட்டையை எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறு பட்டையாக்கி, உப்புத்தாளால் உருட்டினார். புகைபோக்கி ஒரு மூங்கில் கணு. பல்தண்டவாளத்துக்கு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். கடைசியில் தேய்ந்து கழித்த ஹாக்ஸா பிளேடுகளைப் பல் மேலே இருக்கும்படி நடுப் பலகையில் நட்டார். அதுவும் ஒற்றையாக இல்லை. இரண்டு பிளேடுகளை அருகருகே வைத்து, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி தள்ளிப் பொருத்தினார். மலைப் பாதையில் இருக்கும் ஆப்ட் முறை அதுதான். ஒரு பட்டையின் பல்லிலிருந்து சக்கரம் விடுபடும் நேரத்தில் மறு பட்டையின் பல்லைப் பிடித்திருக்கும், பிடி விட்டுப்போகாது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்து மெருகேற்றியதும் எஞ்சின் முடிந்தது.

இந்த ரயில் ஓடியது நவராத்திரிக் கொலுவில். இருவரின் கைவேலைகளும் ஒன்றுசேர்ந்த இடம் அது. படிகளைக் கணவர் பலகையில் கழற்றி மாட்டும்படி செய்திருந்தார். மேல் படிகளில் பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைகள். கீழே தரையில் மலை. கல்லையும் தகரப் பெட்டியையும் அடுக்கி, மேலே சாக்குத் துணி போர்த்தி, காகிதக் கூழ் பூசி, காவி அடித்தால் பாறை. இழைப்புளியில் விழுந்த மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் புல்தரை. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். கேழ்வரகும் கடுகும் கொலுவுக்கு மூன்று நாலு நாள் முன்பே தட்டுகளில் விதைக்கப்பட்டு, முளை விட்டதும் மலையடிவார வயலாகும்.

மலை ரயிலில் ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளும்; முன்னால் நின்று இழுக்காது. கொலுவிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் கணவர் கண்டிப்பு. வந்த பிள்ளைகள் எஞ்சினை முன்னால் மாட்டினால் எழுந்து வந்து மாற்றி வைப்பார். மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் பிடிப்பவர் பச்சையும் சிவப்புமாகக் கொடி வைத்துக்கொண்டு நிற்பார். அந்த ஆட்களை மனைவி காகிதக் கூழில் சுண்டுவிரல் உயரத்துக்குச் செய்து, காக்கி உடை தீட்டி, ஊசியில் கொடி கோத்து நிறுத்தினார். சுண்டல் வாங்க வரும் பெண்கள் மேல்படிப் பொம்மைகளைப் பார்ப்பதைவிட அந்தக் கொடிக்காரர்களைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

கை வேலை செய்யும்போது காதுக்கு வானொலி. திருச்சி நிலையம் 1939 மே 16 முதல் ஒலிபரப்பி வந்தது. கச்சேரியும் நாடகமும் அதில். திரைப்பாட்டுக்கு இலங்கை வானொலி. காலையில் பொங்கும் பூம்புனல் சமையலறை வரை கேட்கும். பாட்டுக்குப் பாட்டு நடக்கும் நேரத்தில் வயர் முடிச்சு வேகமாக விழும். வானொலி கேட்பதும் கணவருக்கு ஒரு கைவேலைதான். வேப்பமரத்துக்கும் கூரைக்கும் நடுவே செம்புக் கம்பி கட்டி ஏரியல் போட்டார். சிற்றலையில் தொலைதூர நிலையங்களைப் பிடித்து, எப்படிக் கேட்டது என்று எழுதி அனுப்பினால் அந்நிலையங்கள் அழகிய அட்டை ஒன்றை அனுப்பும். நேயர்கள் அதைக் கியூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். 1941-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய லண்டன் பிபிசி, 1963-ல் தொடங்கிய சீன வானொலி, மணிலாவின் வேரித்தாஸ் என்று பல இடங்களிலிருந்து அட்டைகள் வந்தன.

அட்டையோடு வெளிநாட்டுத் தபால்தலையும் வந்தது. அப்படித்தான் ஒரு பொழுதுபோக்கிலிருந்து இன்னொன்று முளைத்தது. உறையின் மூலையைத் தபால்தலையோடு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் பசை கரைந்து தலை தானே கழன்றுவிடும், பிய்க்கக் கூடாது. முகத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்து உலர்த்தி, கனத்த புத்தகத்துக்குள் வைத்தால் சுருங்காது. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வெளிவந்த மூன்றரை அணாத் தலை. அதில் தேசியக் கொடி பறக்கும். 1957-ல் நயா பைசா வந்ததும் அணாத் தலைகள் அரிதாகத் தொடங்கின. 1960-ல் திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் ஆளுக்கொரு 15 நயா பைசாத் தலை வெளியாயிற்று. கணவரின் ஆல்பத்தில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஓரப் பற்களை எண்ணுவதிலும் அவருக்கு ஃபிட்டரின் கண் உதவியது. இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதே கணக்கு. ஒரே படமுள்ள இரண்டு தலைகளுக்கு இந்த எண் மாறினால் அவை வேறு வேறு அச்சு.

பொழுதுபோக்கு பிழைப்பானதும் ஒருமுறை நடந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் 1974 மே 8-ல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் மே 27 வரை நீடித்தது. பொன்மலை வீடுகளில் சம்பளம் நின்றது. கடன் சொல்லி அரிசி வாங்க வேண்டியதாயிற்று. மனைவி கடை ஒன்றிலிருந்து வயர் கூடைக்கு ஆர்டர் பிடித்தார். வயர் கடைக்காரருடையது, கூலி கூடைக்கு இவ்வளவு என்று பேச்சு. நிறம், அளவு, நாள் எல்லாம் கடைக்காரர் சொன்னபடி. காலையிலேயே பின்ன உட்கார்ந்தார். முடிச்சு எண்ணிக்கை தப்பும் என்று வானொலியை நிறுத்தினார். காய்ப்பு விழுந்த விரல் வெடித்தது. கணவரும் வயர் வெட்டவும் நுனி சொருகவும் கற்றுக்கொண்டார். அந்தக் காசில் வீடு நடந்தது.

வேலைநிறுத்தம் முடிந்து கணவர் பணிமனைக்குத் திரும்பிய பிறகும் கடையிலிருந்து ஆள் வந்தது. மனைவி மறுத்துவிட்டார். “கூலிக்குப் பின்னினா கை நோவுது, சும்மா பின்னினா நோவல” என்பது அவர் சொன்ன காரணம். முடிச்சும் வயரும் விரலும் மாறவில்லை. நாளும் அளவும் பிறர் கைக்குப் போனதுதான் மாற்றம். அதன்பின் பல மாதங்கள் அவர் கூடை பின்னவே இல்லை. மறுபடி எடுத்தபோது முதலில் பின்னியது, யாருக்கும் பயன்படாத அளவில் ஒரு சின்னஞ்சிறு சிவப்புக் கூடை. கடைசி மகள் அதில் புளியங்கொட்டை சேர்த்து வைத்தாள்.

விற்காவிட்டாலும் செய்தவை எல்லாம் வீட்டிலேயே தங்கிவிடவில்லை. கூடைகள் அன்பளிப்பாகத்தான் அதிகம் போயின. கல்யாண வீட்டுக்கு, வளைகாப்புக்கு, மாற்றலாகிப் போகும் குடும்பத்துக்கு ஒவ்வொன்று. ரயில்வே குடியிருப்பில் மாற்றல் அடிக்கடி வரும். விழுப்புரத்துக்கும் மதுரைக்கும் போன குடும்பங்கள் அந்தக் கூடைகளில் சாமான் எடுத்துச் சென்றன. பதிலுக்கு வந்தவையும் கைவேலைகளே. ஒரு வீட்டிலிருந்து குரோஷா மேசைவிரிப்பு, இன்னொரு வீட்டிலிருந்து நார்க்கட்டில் பின்னித் தரும் உதவி. பெரிய செலவு எதற்கும் இல்லை. பெட்டி மரமும் பழைய காகிதமும் கழித்த பிளேடும் ஏறக்குறைய இனாம். வயரும் நூலும் மளிகைக் கணக்கில் தெரியாமல் அடங்கிவிடும்.

பிள்ளைகள் இவற்றைப் பாடமாகக் கற்கவில்லை. கூட உட்கார்ந்ததில் வந்தவரை வந்தது. மூத்த மகனுக்கு மரத்தின் நார் தெரியும். நடு மகனுக்குத் தபால்தலையில் பூகோளம் வந்தது. கடைசி மகளுக்கு வயர் முடிச்சும் கோலக் கணக்கும் வந்தன. பெற்றோர் சண்டையிட்ட நாட்களிலும் தாழ்வாரத்து விளக்கு எரிந்ததாக மூவரும் சொல்கிறார்கள். அன்றைக்குப் பேச்சு இருக்காது. ஆனாலும் ஒருவர் வயர் நுனியை நீட்டினால் மற்றவர் கத்தரியை எடுத்துக் கொடுப்பார். ஒரு முடிச்சைப் பற்றியோ ஓர் அளவைப் பற்றியோ கேட்க வேண்டி வந்து, அதில் பேச்சு மறுபடி தொடங்கும்.

கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கே.கே. நகர் பக்கம் கட்டிய சிறு வீட்டுக்குப் போனார்கள். பகல் முழுவதும் கையில் இருந்தும் கைவேலை அங்கே கூடவில்லை, குறைந்தது. தொலைக்காட்சி வந்தது ஒரு காரணம். கண் மங்கியது இன்னொரு காரணம். சங்கு ஓய்ந்த பிறகு நாள் முழுவதும் ஒரே மாதிரி ஆகிவிட்டதை மகள் மூன்றாவது காரணமாகச் சொல்கிறார். வேலை நேரம் என்று ஒன்று இருந்தவரைதான் அதற்கு வெளியே இருந்த நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. இருந்தும் கொலு ஒரு வருடமும் நிற்கவில்லை. மலை ரயிலும் நவராத்திரிக்கு நவராத்திரி ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் கைவேலைகளின் காலமும் பின்னர் மாறியது. சிற்றலை நேயர்கள் குறைந்தார்கள். பிபிசி தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றது. கடிதம் குறைந்ததால் உறையிலிருந்து தபால்தலை பிரிக்கும் வேலையும் குறைந்தது. வயர் கூடையைப் பாலித்தீன் பை ஓரங்கட்டியிருந்தது. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபோது, ஆணியில் தொங்கிய பழைய கூடைகள் பல வீடுகளில் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கின. நீலகிரி மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. கணவர் வேலை பார்த்த பொன்மலைப் பணிமனை, பழுதுபார்ப்பதோடு நில்லாமல், அந்தப் பாதைக்குப் புதிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்களையே பின்னாளில் கட்டித் தந்தது.

வீட்டில் செய்தவை மூன்று பிள்ளைகளுக்கும் பங்காயின. எஞ்சினும் ஹாக்ஸா பிளேடு பாதையும் மூத்தவரிடம், ஆல்பமும் வானொலி அட்டைகளும் நடு மகனிடம், கோல நோட்டும் நாற்காலியும் மகளிடம். காகிதக் கூழ்த் தட்டுகளில் ஒன்றுதான் ஈரம் படாமல் மிஞ்சியது. மகள் இன்றும் கூடை பின்னுகிறார். அக்கம்பக்கத்தார் விலை கேட்டால், வயர் வாங்கி வந்தால் சொல்லித் தருவதாகப் பதில் சொல்கிறார்.